மின்னஞ்சல் அட்டாச்மென்ட்டில் வைரஸ்: உண்மையில் என்ன நடக்கிறது?

“மெயிலைத் திறந்தேன், வைரஸ் வந்துவிட்டது” என்பார்கள். “தெரியாதவர் அனுப்பிய மெயிலைத் திறக்காதே” என்று அறிவுரையும் சொல்வார்கள். இரண்டிலும் பாதிதான் உண்மை. மெயில் வந்து இன்பாக்ஸில் கிடப்பதால் மட்டும் கணினி கெடுவது மிக அரிது. தெரிந்தவர் அனுப்பினார் என்பதற்காகக் கோப்பு நல்லதாகிவிடுவதும் இல்லை. உலகம் முழுக்கப் பரவிய பெரிய மின்னஞ்சல் வைரஸ்கள் பலவும் நண்பர்கள், உடன் வேலை செய்பவர்களின் சொந்த முகவரியிலிருந்தே வந்தன. அனுப்பியது அவர்களுக்கே தெரியாது.

ஆகவே அனுப்பியவர் பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வியைக் கேட்டுப் பழக வேண்டும். இந்தக் கோப்பைச் சொடுக்கினால் அதை எந்த மென்பொருள் திறக்கும்? அந்த மென்பொருளால் என்னென்ன செய்ய முடியும்?

## கோப்பு தானாக எதையும் செய்யாது

“அலமாரியைத் திற, உள்ளே இருக்கும் பத்திரங்களைக் கொளுத்து” என்று ஒரு தாளில் எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசை இழுப்பறையில் கிடக்கும்வரை அந்தத் தாளால் ஒரு கெடுதலும் இல்லை. சாதாரண ஆளிடம் கொடுத்தால் படித்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவார். ஏன், எதற்கு என்று கேட்காமல் சொன்னதைச் செய்கிற வேலையாள் ஒருவரிடம் கொடுத்தால்தான் பத்திரம் எரியும்.

கணினியில் கோப்புதான் அந்தத் தாள். அதைத் திறக்கும் மென்பொருள்தான் வேலையாள். வேலையாட்களில் மூன்று ரகம் உண்டு. படம் காட்டும் மென்பொருள், வெறும் எழுத்தைக் காட்டும் நோட்பேட் போன்றவை முதல் ரகம். கோப்பில் இருப்பதைத் திரையில் காட்டுவதோடு அவற்றின் வேலை முடிந்தது. வேர்ட், எக்ஸெல், பிடிஎஃப் ரீடர், பிரவுசர் ஆகியவை இரண்டாம் ரகம். காட்டுவதுதான் இவற்றுக்கு முதல் வேலை. ஆனால் கோப்புக்குள் கட்டளைகள் இருந்தால், சில வரம்புகளுக்கு உட்பட்டு, அவற்றையும் செய்யும். மூன்றாம் ரகம் இயங்குதளமே. இஎக்ஸ்இ என்று முடியும் கோப்பையோ, ஜேஎஸ், விபிஎஸ் என்று முடியும் ஸ்கிரிப்ட்டையோ விண்டோஸில் சொடுக்கினால் அதில் எழுதியிருப்பது அப்படியே நடக்கும். ஸ்கிரிப்ட் என்பது கணினி வரிசையாகப் படித்துச் செய்கிற கட்டளைகளின் தொகுப்பு.

இங்கே கவனிக்க வேண்டியது அதிகாரம். நீங்கள் சொடுக்கிய நிரல் உங்கள் பெயரிலேயே இயங்குகிறது. உங்களால் ஒரு படத்தை அழிக்க முடியும் என்றால் அதனாலும் முடியும். உங்களால் மெயில் அனுப்ப முடியும் என்றால் அதுவும் அனுப்பும். இப்படிக் கெடுதல் செய்ய எழுதப்பட்ட எல்லா நிரல்களுக்கும் பொதுப்பெயர் மால்வேர். வைரஸ் என்பது அதில் ஒரு வகைதான், தன்னைத்தானே படியெடுத்துப் பரவும் வகை. பேச்சு வழக்கில் இரண்டையும் ஒன்றாகச் சொல்வதால் பெரிய குழப்பம் எதுவும் இல்லை என்பதால் இங்கும் அப்படியே விட்டுவிடலாம்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். வெறுமனே காட்டுகிற மென்பொருளிலும் எழுதியவர்கள் விட்ட பிழை இருக்கலாம். அந்தப் பிழை வழியாகக் கோப்பு தன் கட்டளையை நுழைத்துவிடும். 1999 நவம்பரில் தோன்றிய பபிள்பாய் என்ற புழு (மெயில் வழியாகத் தானே பரவும் மால்வேர்) அட்டாச்மென்ட் இல்லாமலே, மெயிலைப் பார்த்த மாத்திரத்தில் அவுட்லுக் என்ற மெயில் மென்பொருளில் இயங்கியது. அது பயன்படுத்திய ஓட்டைக்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அதற்கு முன்பே வெளியிட்டிருந்தது. நிறுவியவர்கள் தப்பினார்கள். மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டே இருங்கள் என்று சொல்வதன் காரணம் இதுதான்.

இதுவரை: கோப்பின் ஆபத்து அதைத் திறக்கும் மென்பொருளைப் பொறுத்தது. காட்ட மட்டுமே தெரிந்த மென்பொருள், புதுப்பித்த நிலையில் இருந்தால், பெரும்பாலும் பயமில்லை. கட்டளையை நிறைவேற்றத் தெரிந்தது என்றால் நின்று யோசிக்க வேண்டும்.

## மெயிலுக்குள் கோப்பு ஏறுவது எப்படி

மின்னஞ்சலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி என்ற நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டது. அது வெறும் ஆங்கில எழுத்துகளை மட்டுமே சுமக்கத் தெரிந்தது. படமோ நிரலோ அதில் அப்படியே போகாது. பத்தாண்டு கழித்து, 1992இல், மைம் என்ற ஏற்பாடு வந்தது. ஒரு மெயிலைப் பல பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் தலையிலும் “இது எழுத்து”, “இது படம்”, “இந்தக் கோப்பின் பெயர் இன்னது” என்று குறிப்பு எழுதும் முறை அது. எழுத்து அல்லாத பகுதிகள் பேஸ்64 என்ற முறையில் எழுத்தாக மாற்றப்படுகின்றன. மூன்று பைட் நான்கு எழுத்தாக மாறுவதால் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பெருத்துவிடும். 25 எம்பி வரை அனுமதி என்று சொல்லும் மெயில் சேவையில் 20 எம்பி கோப்பு ஏறாமல் போவது இதனால்தான்.

பாதுகாப்புக்கு முக்கியமான செய்தி அந்தத் தலைக்குறிப்பில் இருக்கிறது. பகுதியின் வகையையும் பெயரையும் எழுதுவது அனுப்புகிறவர். யாரும் அதைச் சரிபார்த்து முத்திரை குத்துவதில்லை. “இது படம்” என்று குறிப்பெழுதிவிட்டு உள்ளே நிரலை வைக்கலாம். அதனால்தான் வரும் மெயிலைச் சோதிக்கும் நல்ல வடிகட்டிகள் குறிப்பை நம்பாமல் கோப்பின் முதல் சில பைட்களைப் பார்க்கின்றன. விண்டோஸ் நிரல்கள் எம், இசட் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். ஜிப் கோப்பு பி, கே என்று தொடங்கும். பிடிஎஃப் என்றால் தொடக்கத்தில் ஒரு சதவீதக் குறியும் அதன் பின்னால் அந்தப் பெயரின் மூன்று எழுத்துகளும் இருக்கும். பெயரில் படம், முதல் இரண்டு எழுத்து நிரல் என்றால் வடிகட்டிக்கு வேறு சாட்சி தேவையில்லை.

## பெயரில் நடக்கும் ஏமாற்று

விண்டோஸ் எந்தக் கோப்பை எந்த மென்பொருளிடம் கொடுப்பது என்பதைப் பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளை வைத்தே முடிவு செய்கிறது. அந்தப் பகுதிக்கு எக்ஸ்டென்ஷன் என்று பெயர். வேலையாள் யார் என்பதைக் காட்டும் ஒரே அடையாளம் அதுதான். வேடிக்கை என்னவென்றால், வழக்கமான அமைப்பில் விண்டோஸ் அதையே மறைத்து வைக்கிறது.

2000 மே மாதம் பரவிய ஐலவ்யூ புழு முழுக்க முழுக்க இந்த மறைப்பில்தான் பிழைத்தது. அதனுடன் வந்த கோப்பின் பெயர் “லவ் லெட்டர் ஃபார் யூ டாட் டிஎக்ஸ்டி டாட் விபிஎஸ்”. கடைசி எக்ஸ்டென்ஷன் மறைந்துவிடவே, பார்ப்பவர் கண்ணுக்கு அது டிஎக்ஸ்டி என்று முடியும் சாதுவான எழுத்துக் கோப்பாகத் தெரிந்தது. சொடுக்கியதும் விண்டோஸ் அதை ஸ்கிரிப்ட்டாக ஓட்டியது. கணினியில் இருந்த ஜேபிஜி படங்களை அழித்து அந்த இடத்தில் தன் படியை வைத்தது. அவுட்லுக் முகவரிப் புத்தகத்தில் இருந்த எல்லோருக்கும் தன்னை அனுப்பியது. அதை எழுதியவர் பிலிப்பீன்ஸைச் சேர்ந்தவர். அன்றைக்கு அந்த நாட்டில் இதைத் தண்டிக்கச் சட்டமே இல்லை. இதே தந்திரத்தை 2001 பிப்ரவரியில் டென்னிஸ் வீராங்கனை அன்னா குர்னிகோவாவின் படம் என்று சொல்லி இன்னொரு புழு பயன்படுத்தியது, அதுவும் பலித்தது.

மறைப்பை நீக்குவது அரை நிமிட வேலை. விண்டோஸ் 11இல் ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போய்த் தேர்வு செய்யுங்கள். விண்டோஸ் 10இல் வியூ பட்டையிலேயே அதற்கான பெட்டி இருக்கும். புதுக் கணினி வாங்கினால் முதல் வேலையாகச் செய்ய வேண்டியது இது.

இதைச் செய்த பிறகும் இரண்டு ஓட்டைகள் மிச்சம். எல்என்கே என்ற குறுக்குவழிக் கோப்பின் எக்ஸ்டென்ஷனை விண்டோஸ் எந்த அமைப்பிலும் காட்டுவதில்லை. அந்தக் குறுக்குவழியோ எந்த நிரலையும் எந்தக் கட்டளையோடும் கூப்பிடக்கூடியது, பிடிஎஃப் சின்னத்தைப் போட்டுக்கொண்டும் வரக்கூடியது. இரண்டாவது, அரபு, ஹீப்ரு போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்காக யூனிகோடில் உள்ள ஒரு கண்ணுக்குத் தெரியாத குறி. அதைப் பெயரின் நடுவில் நுழைத்தால் அதற்குப் பின்னால் உள்ள எழுத்துகள் திரையில் தலைகீழ் வரிசையில் தெரியும். இஎக்ஸ்இ என்று முடிகிற பெயர் பிடிஎஃப் என்று முடிவதுபோல் காட்சி தரும். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டைப் என்ற நெடுவரிசையைப் பார்த்தால் இரண்டு குட்டும் உடைந்துவிடும். அது அப்ளிகேஷன் என்றோ ஷார்ட்கட் என்றோ சொன்னால் பெயர் என்ன சொன்னாலும் கேட்காதீர்கள்.

## ஆவணத்துக்குள் கட்டளை

இஎக்ஸ்இ கோப்பை மெயிலில் அனுப்பினால் இன்று பெரும்பாலான சேவைகள் வாசலிலேயே நிறுத்திவிடும். ஜிமெயில் 2017 பிப்ரவரியில் ஜேஎஸ் கோப்புகளையும் அந்தப் பட்டியலில் சேர்த்தது. ஆனால் வேர்ட், எக்ஸெல் ஆவணங்களைத் தடுக்க முடியாது, அலுவலக வேலையே நின்றுவிடும். கெட்டவர்களின் கவனம் அங்கே போனதில் வியப்பில்லை.

திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானாக நடத்த ஆவணத்துக்குள்ளேயே எழுதி வைக்கும் சிறு நிரலுக்கு மேக்ரோ என்று பெயர். கணக்கெழுதுவோருக்கு அது பெரிய உதவி. 1999 மார்ச் 26 அன்று பரவத் தொடங்கிய மெலிஸா அதையே ஆயுதமாக்கியது. வேர்ட் ஆவணத்தைத் திறந்ததும் அதன் மேக்ரோ அவுட்லுக்கைக் கூப்பிட்டு, முகவரிப் புத்தகத்தின் முதல் 50 பதிவுகளுக்கு அந்த ஆவணத்தை அனுப்பியது. மெயிலின் தலைப்பில் அனுப்பியவரின் பெயரே இருந்தது. “நீங்கள் கேட்ட ஆவணம் இதோ” என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தது.

2007 முதல் வந்த ஆஃபிஸில் ஒரு நல்ல பிரிவினை உண்டு. டாக்எக்ஸ் என்று முடியும் கோப்பு மேக்ரோவைச் சுமக்காது. டாக்எம் என்று முடிவது சுமக்கும். எக்ஸெலிலும் எக்ஸ்எல்எஸ்எக்ஸ், எக்ஸ்எல்எஸ்எம் என்று அதே கதை. கடைசி எழுத்து எம் என்றால் மேக்ரோ. ஆனால் டாக், எக்ஸ்எல்எஸ் என்ற பழைய வடிவங்களில் இந்தப் பிரிவு கிடையாது, உள்ளே மேக்ரோ இருக்கிறதா என்பதைப் பெயரை வைத்துச் சொல்ல முடியாது. இன்றும் ஒருவர் பழைய வடிவத்தில் அனுப்புகிறார் என்றால் காரணம் கேட்பது தவறில்லை. டாக்எக்ஸ் என்பதும் முழு உத்தரவாதம் அல்ல. வெளியிலிருந்து வார்ப்புரு (டெம்ப்ளேட்) ஒன்றை இழுத்து வரும்படி அதை அமைக்கலாம், அந்த வார்ப்புருவில் மேக்ரோ இருக்கலாம்.

மேக்ரோவை ஆஃபிஸ் தானாக ஓட்டாது. மஞ்சள் பட்டையில் “எனேபிள் கன்டென்ட்” என்று கேட்கும். அதனால் ஆவணத்தின் முதல் பக்கத்திலேயே மங்கலான ஒரு படத்தைப் போட்டு, “உள்ளடக்கம் பாதுகாக்கப்பட்டுள்ளது, பார்க்க வேண்டுமானால் மேலே உள்ள பொத்தானை அழுத்தவும்” என்று எழுதி வைத்தார்கள். பல ஆண்டுகள் இதற்கு மக்கள் ஏமாந்தார்கள். தன்னைப் படிக்க வேண்டுமானால் பாதுகாப்பை நீக்கு என்று கேட்கிற ஆவணத்தில் படிக்க ஒன்றும் இருக்காது.

2022இல் மைக்ரோசாஃப்ட், இணையத்திலிருந்து வரும் ஆவணங்களுக்கு அந்தப் பொத்தானையே எடுத்துவிட்டது. அவற்றின் மேக்ரோவை இப்போது ஆஃபிஸ் நேராக மறுத்துவிடுகிறது. வந்த இடம் அதற்கு எப்படித் தெரியும்? மெயில் மென்பொருளும் பிரவுசரும் கோப்பைச் சேமிக்கும்போது “இது இணையத்திலிருந்து வந்தது” என்று ஒரு மறைவான குறிப்பை அதனுடன் ஒட்டுகின்றன. இணைய முத்திரை என்று வைத்துக்கொள்ளலாம். அது என்டிஎஃப்எஸ் வடிவத்தில் உள்ள வட்டில் மட்டுமே நிற்கும். எஃப்ஏடி32 வடிவத்தில் உள்ள பென் டிரைவுக்குப் படியெடுத்தால் உதிர்ந்துவிடும்.

முத்திரையை உதிர்க்க வழி தேடியவர்கள் பார்சலுக்குள் பார்சல் வைத்தார்கள். ஐஎஸ்ஓ என்ற வட்டுப் படிமத்துக்குள் (ஒரு வட்டின் முழு நகலை ஒரே கோப்பாக வைப்பது) கோப்பை வைத்தால், வெளியே உள்ள ஐஎஸ்ஓவில்தான் முத்திரை இருக்கும், உள்ளே இருப்பதில் இருக்காது. இந்த ஓட்டையை மைக்ரோசாஃப்ட் 2022 நவம்பரில் அடைத்தது. அடுத்து 2023 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் குறிப்பெடுக்கும் மென்பொருளான ஒன்நோட்டின் கோப்புகள் வந்தன, பெரிய பொத்தான் படத்துக்கு அடியில் ஸ்கிரிப்ட்டை ஒளித்துக்கொண்டு. எச்டிஎம்எல், அதாவது இணையப் பக்க வடிவில் வரும் அட்டாச்மென்ட் இன்னொரு பாதை. அது பிரவுசரில் திறந்ததும், தனக்குள் எழுத்தாக வைத்திருக்கும் துண்டுகளைச் சேர்த்து உங்கள் கணினியிலேயே ஒரு ஜிப் கோப்பைத் தயாரித்து இறக்கிவிடும். வழியில் இருந்த வடிகட்டியின் கண்ணில் அந்த ஜிப் படவே இல்லை, ஏனென்றால் அப்போது அப்படி ஒன்று இல்லை. பல நேரம் அதுவும் தேவைப்படுவதில்லை. பாஸ்வேர்ட் கேட்கும் போலிப் பக்கத்தைக் காட்டினாலே போதும்.

சுருக்கமாக, மேக்ரோவின் காலம் ஏறக்குறைய முடிந்தது. கட்டளையைச் சுமக்கும் உறைகள் மட்டும் மாறிக்கொண்டே இருக்கின்றன. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிட, வழக்கமில்லாத எக்ஸ்டென்ஷன் எதைக் கண்டாலும் நிற்பது எளிது.

## ஆன்டிவைரஸ் எதைப் பார்க்கிறது, எதைத் தவறவிடுகிறது

ஆன்டிவைரஸ் மூன்று விதமாக வேலை செய்கிறது. முதலாவது, ஏற்கெனவே பிடிபட்ட மால்வேரின் அடையாளத் துண்டுகளை வைத்துக்கொண்டு ஒப்பிடுவது. வேகமானது, ஆனால் இதுவரை யாரும் பார்க்காத மால்வேருக்கு உதவாது. இரண்டாவது, கோப்பின் அமைப்பில் சந்தேகத்துக்குரியதைத் தேடுவது. ஆவணம் திறந்ததும் தானாக ஓடும் மேக்ரோ, அது இணையத்திலிருந்து எதையோ இறக்கப் பார்ப்பது போன்றவை. மூன்றாவது சாண்ட்பாக்ஸ், அதாவது தனியே அடைத்து வைத்த ஒரு போலிக் கணினியில் கோப்பைத் திறந்து என்ன செய்கிறது என்று பார்ப்பது. சில நிமிடம் தாமதமாகும் என்பதால் பெரிய நிறுவனங்களின் மெயில் சர்வர்களில்தான் இது அதிகம். சாண்ட்பாக்ஸில் இருப்பதை உணர்ந்து அமைதியாக இருந்துவிடும் மால்வேரும் உண்டு, சில நிமிடம் சும்மா காத்திருந்தாலே சில சோதனைகள் முடிந்துவிடும்.

இந்த மூன்றையும் ஒரே அடியில் குருடாக்கும் வழி ஒன்று இருக்கிறது. ஜிப் கோப்புக்குப் பாஸ்வேர்ட் போட்டு, அந்தப் பாஸ்வேர்டை மெயிலிலேயே எழுதிவிடுவது. 2004இல் பேகிள் என்ற புழு இதைப் பெரிய அளவில் செய்தது. மனிதர் படித்துத் திறந்துவிடுவார், வடிகட்டிக்குத் திறக்கத் தெரியாது. யோசித்துப் பாருங்கள்: பூட்டும் சாவியும் ஒரே மெயிலில் வந்தால் அந்தப் பூட்டு யாரிடமிருந்து எதைக் காக்கிறது? வழியில் மெயிலைப் படிப்பவருக்கும் சாவி கிடைத்துவிடுகிறதே. காக்க வேண்டிய தேவை உண்மையாக இருந்தால் பாஸ்வேர்ட் தொலைபேசியிலோ வேறு வழியிலோ வரும். சாதாரண ஜிப்பில் பாஸ்வேர்ட் போட்டாலும் உள்ளே உள்ள கோப்புகளின் பெயர்கள் பூட்டப்படுவதில்லை, எனவே சர்வர் பெயரைப் பார்த்தாவது தடுக்கலாம். ஜிப்பைப் போன்ற 7இசட், ஆர்ஏஆர் வடிவங்களில் பெயர்களையும் பூட்ட முடியும்.

உங்கள் ஆன்டிவைரஸ் விழித்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள உண்மையான வைரஸைத் தேட வேண்டாம். ஐகார் சோதனைக் கோப்பு என்று 68 பைட் அளவில் ஒன்று இருக்கிறது. கெடுதல் எதுவும் செய்யாது. எல்லா ஆன்டிவைரஸும் ஒப்புக்கொண்டு அதை வைரஸ் என்று அறிவிக்கும். அதை உங்களுக்கே மெயிலில் அனுப்பிப் பார்க்கலாம். பிறகு ஜிப்புக்குள் வைத்து, அதன் பிறகு ஜிப்புக்குள் ஜிப்பாக. எந்த ஆழத்தில் வடிகட்டி கைவிடுகிறது என்று தெரிந்துவிடும். அது எங்கேயாவது கைவிட்டுத்தான் ஆக வேண்டும், ஏனென்றால் 42 கிலோபைட் அளவில் வந்து முழுதாக விரித்தால் 4.5 பெட்டாபைட் ஆகிற ஜிப் கோப்பும் உலகில் இருக்கிறது. எல்லை வைக்காத வடிகட்டி அதை விரித்தே செத்துப்போகும்.

## ஒரே முகவரி, பல பெட்டிகள்

அலுவலகத்தில் “எல்லோருக்கும்” என்று ஒரு முகவரி இருக்கும், சங்கங்களிலும் ஆய்வுக் குழுக்களிலும் இருக்கும். அதற்கு ஒரு மெயில் அனுப்பினால் எல்லா உறுப்பினருக்கும் போய்ச் சேரும். மெலிஸாவின் 50 என்ற எண்ணிக்கை இங்கேதான் அர்த்தம் இழக்கிறது. முகவரிப் புத்தகத்தில் குழு முகவரி ஒரே பதிவுதான். அதற்குள் எத்தனை ஆயிரம் பேர் இருந்தாலும் வைரஸுக்கு அது ஒரு மெயில் செலவு. அதைவிடக் கெட்டது நம்பிக்கை. குழுவிலிருந்து வந்த மெயில் என்றாலே கை தானாகச் சொடுக்கிவிடும்.

குழு முகவரியை நடத்துபவர் செய்யக்கூடிய மிக வலுவான வேலை, அட்டாச்மென்ட்டையே அனுமதிக்காமல் விடுவது. கோப்பைப் பகிர வேண்டியவர் உறுப்பினர் மட்டும் திறக்கக்கூடிய பொதுச் சேமிப்பிடத்தில் ஏற்றிவிட்டு லிங்க்கை அனுப்பட்டும். முணுமுணுப்பு வரும், வரட்டும். தவறான கோப்பு என்று பிறகு தெரிந்தால் ஓரிடத்தில் அழித்தால் போதும், ஆயிரம் இன்பாக்ஸிலிருந்து திரும்பப் பெற முடியாது.

குழு மெயிலுக்குப் பரவலாகப் பயன்படும் மெயில்மேன் மென்பொருளில் இதற்கான வடிகட்டி உண்டு. மெயில்மேன் 2.1இல் அதை நாமாக இயக்க வேண்டும். எந்த வகைகளை விடலாம் என்ற பட்டியலில் வெறும் எழுத்தையும், அது ஏறி வரும் பல பகுதி உறைகளையும் மட்டும் வைத்தால் மற்றதெல்லாம் வெட்டப்படும். விலக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவதைவிட அனுமதிப்பவற்றைப் பட்டியலிடுவது எப்போதும் நல்லது; நாளைக்கு எந்தப் புது வகை வந்தாலும் தானாக வெளியே நிற்கும். ஆனால் மைம் பற்றிச் சொன்னதை மறக்கக் கூடாது. வகைக் குறிப்பை எழுதுவது அனுப்புபவர். “வெறும் எழுத்து” என்று குறித்துவிட்டு விபிஎஸ் பெயரில் ஒரு பகுதியை அனுப்பினால் வகைப் பட்டியல் அதை விட்டுவிடும். எக்ஸ்டென்ஷனை வைத்துத் தடுக்கும் இன்னொரு பட்டியலும் அதே மென்பொருளில் இருப்பது இதற்காகத்தான். இரண்டையும் இயக்க வேண்டும். அளவு வரம்பு அதில் முன்கூட்டியே 40 கிலோபைட் என்று வைக்கப்பட்டிருக்கும். அதை உயர்த்தச் சொல்லிக் கேட்பார்கள், உயர்த்தாதீர்கள். எழுத்து மட்டும் உள்ள மெயிலுக்கு அது தாராளம்.

வரம்பை மீறும் மெயில்கள் மட்டுறுத்துநரிடம், அதாவது குழு மெயில்களைப் பார்த்து அனுமதிப்பவரிடம், நிற்கும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சரியான கோப்பா என்று பார்க்க அவர் அதைத் திறந்தால் குழுவில் முதலில் மாட்டுபவர் அவர்தான். அவர் மெயிலின் எழுத்தையும் கோப்பின் வகையையும் பார்த்து முடிவெடுக்க வேண்டும். உள்ளடக்கத்தைச் சோதிப்பது அவர் வேலை அல்ல.

வைரஸ் பிடிபட்டால் “உங்கள் மெயிலில் வைரஸ் இருந்தது” என்று அனுப்பியவருக்குத் தானாகப் பதில் போகும் வசதியை அணைத்துவிடுங்கள். அனுப்புநர் முகவரியைப் போலியாக எழுதும் புழுக்களே அதிகம். 2004 ஜனவரியில் மைடூம் பரவியபோது இப்படிப்பட்ட பதில்கள், சம்பந்தமே இல்லாதவர்களின் இன்பாக்ஸை நிரப்பின.

போலி முகவரியைக் கண்டுபிடிக்க மூன்று ஏற்பாடுகள் உண்டு. எஸ்பிஎஃப் என்பது “எங்கள் பெயரில் மெயில் அனுப்பும் சர்வர்கள் இவை” என்று ஒரு டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வெளியிடும் பட்டியல். டிகேஐஎம் என்பது மெயிலின் மேல் போடும் மின்கையொப்பம். டிமார்க் என்பது இந்த இரண்டில் ஒன்றாவது அனுப்புநர் முகவரியில் தெரியும் டொமைனோடு பொருந்தாவிட்டால் மெயிலை என்ன செய்வது என்று அந்த டொமைன் தரும் கட்டளை. குழு மென்பொருள் ஒவ்வொரு மெயிலின் அடியிலும் ஒரு குறிப்பு வரியைச் சேர்த்தாலே டிகேஐஎம் கையொப்பம் உடைந்துவிடும் என்பதால், குழு நடத்துபவர்கள் அனுப்புநர் முகவரியில் குழுவின் முகவரியையே வைக்கும் அமைப்பை இயக்குகிறார்கள். 2014 ஏப்ரலில் யாஹூ கடுமையான டிமார்க் கட்டளைக்கு மாறியதும் உலகெங்கும் குழு மெயில்கள் திரும்பி வந்தன. அதிலிருந்துதான் இது பரவலான வழக்கமானது. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இந்த மூன்றும் மெயில் எந்த டொமைனிலிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லும். அந்த டொமைனில் ஒருவருடைய கணக்கே திருடப்பட்டிருந்தால் மூன்றும் பச்சை விளக்கு காட்டும். எமோடெட் என்ற மால்வேர் இப்படித்தான் வளர்ந்தது. திருடிய இன்பாக்ஸில் பழைய உரையாடலை எடுத்து, அதற்குப் பதில் எழுதுவதுபோல் கோப்பை அனுப்பியது. 2021 ஜனவரியில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதை முடக்கின. அதே ஆண்டு நவம்பரில் திரும்பி வந்தது.

## வந்த கோப்பைத் திறந்தே ஆக வேண்டும் என்றால்

முதலில் சேமிக்காமல் பாருங்கள். ஜிமெயில், அவுட்லுக் போன்றவற்றின் இணையப் பதிப்பில் ஆவணத்தைச் சொடுக்கினால் அது அவர்களுடைய சர்வரில் திறந்து, பார்ப்பதற்கான வடிவத்தில் மட்டும் உங்களுக்குத் தெரியும். மேக்ரோ அங்கே ஓடாது. பெரும்பாலான பில்களையும் கடிதங்களையும் படிக்க இதுவே போதும். இறக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஆஃபிஸின் புரொடெக்டெட் வியூவிலேயே (படிக்க மட்டும் விடும் நிலை) படித்துவிடுங்கள், எனேபிள் எடிட்டிங்கை அழுத்த அவசரம் வேண்டாம்.

சந்தேகம் இருந்தால் அனுப்பியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், மெயிலில் உள்ள எண்ணில் அல்ல, உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில். அந்த மெயிலுக்கே பதில் எழுதிக் கேட்பது வீண். கணக்கு திருடப்பட்டிருந்தால் “ஆமாம், நான்தான் அனுப்பினேன்” என்று திருடன் பதில் போடுவான்.

வைரஸ்டோட்டல் தளத்தில் ஒரு கோப்பைப் பல ஆன்டிவைரஸ்கள் ஒரே நேரத்தில் சோதிக்கும். நல்ல வசதிதான், ஆனால் அங்கே ஏற்றும் கோப்பு கட்டணம் செலுத்தும் ஆய்வாளர்களின் கைக்கும் போகும். சம்பளப் பட்டியலையோ மருத்துவ அறிக்கையையோ ஏற்றிவிடாதீர்கள். கோப்பின் எஸ்எச்ஏ256 கைரேகையை, அதாவது அந்தக் கோப்பிலிருந்து கணக்கிடப்படும் 64 எழுத்துச் சரத்தை, மட்டும் கொடுத்துத் தேடலாம். “இதுவரை கண்டதில்லை” என்று பதில் வந்தால் அது நற்சான்று அல்ல, யாரும் பார்க்காத கோப்பு என்று மட்டுமே பொருள்.

இன்னொரு சின்ன மாற்றம், யாரும் அதிகம் செய்வதில்லை. விண்டோஸின் டிஃபால்ட் ஆப்ஸ் அமைப்பில் ஜேஎஸ், விபிஎஸ், டபிள்யூஎஸ்எஃப் என்று முடியும் கோப்புகளை நோட்பேட் திறக்கும்படி மாற்றிவிடுங்கள். தவறிச் சொடுக்கினாலும் ஸ்கிரிப்ட் ஓடாது. புரியாத எழுத்துகளாகத் திரையில் தெரியும். முதல் பகுதியில் சொன்ன வேலையாளை மாற்றுவது இதுதான்.

## திறந்துவிட்டால்

உடனே இணையத் தொடர்பைத் துண்டியுங்கள்: வைஃபையை அணைத்து, கேபிளைப் பிடுங்குங்கள். முதலில் ஓடும் சிறு நிரல் பெரும்பாலும் முழு மால்வேரை இணையத்திலிருந்து இறக்க முயலும் என்பதால் சில விநாடிகள்கூட முக்கியம். அலுவலகக் கணினி என்றால் அணைக்காமல் அப்படியே வைத்துக் கணினிப் பிரிவுக்குச் சொல்லுங்கள். அணைத்தால் நினைவகத்தில் உள்ள தடயம் போய்விடும். வீட்டுக் கணினி என்றால் முழு ஸ்கேன் ஓட்டுங்கள். கோப்புகள் பூட்டப்பட்டதாகவோ ஏதேனும் பிடிபட்டதாகவோ தெரிந்தால் துடைத்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவுவதே நிம்மதி. பாதிக்கப்பட்ட கணினியோடு காப்புப்படி வைத்திருக்கும் வட்டைச் செருகாதீர்கள்.

பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், மெயில் கணக்கிலிருந்து தொடங்கி. மற்றக் கணக்குகளின் பாஸ்வேர்டை மீட்கும் லிங்க்குகள் அங்கேதான் வரும். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் பொத்தானையும் அழுத்துங்கள். பாஸ்வேர்ட் மாறினாலும் ஏற்கெனவே திறந்திருக்கும் அமர்வு சில நேரம் அப்படியே நீடிக்கும். பிறகு மெயில் அமைப்புகளுக்குள் போய் ஃபார்வர்டிங், ஃபில்டர்ஸ் என்ற இரண்டு பக்கங்களையும் பாருங்கள். நீங்கள் வைக்காத ஒரு முகவரிக்கு எல்லா மெயிலும் போய்க்கொண்டிருக்கலாம். அல்லது “வைரஸ்” என்ற சொல் உள்ள மெயிலை நேராகக் குப்பைக்கு அனுப்பும் விதி ஒன்று புதிதாக முளைத்திருக்கலாம், உங்களை எச்சரித்து நண்பர்கள் எழுதும் பதில்கள் உங்கள் கண்ணில் படாமலிருக்க.